புயல் பாதையில் மண் வீடு: வாசகர் கேள்வி பதில்

கடலோர மாவட்டங்களில் மண் வீடு கட்ட முனைந்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கஜா புயலில் எங்கள் அப்பத்தா வீட்டு மண் சுவர் மூன்று பக்கம் விழுந்துவிட்டது. அதே மனையில் மறுபடியும் மண்ணில் கட்டப்போகிறேன் என்றால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். மண் சுவர் புயலைத் தாங்குமா?
— வாசகி, தலைஞாயிறு

சுவர் எப்போது விழுந்தது என்று அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அன்று விழுந்த மண் வீடுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் கூரை முதலில் போயிருக்கும், சுவர் அதற்குப் பிறகுதான் சாய்ந்திருக்கும். மண் சுவர் காற்றை எதிர்த்து நிற்கும். தலையிலும் காலிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏறினால்தான் உட்காரும்.

கணக்காகவே பார்க்கலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 120 கி.மீ. காற்று ஒரு சதுர அடியில் சுமார் 6 கிலோ தள்ளும். 180 கி.மீ. ஆனால் அதுவே சுமார் 14 கிலோ. ஒன்றரை அடி கனமுள்ள சுவரில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறக்குறைய 75 கிலோ மண் இருக்கிறது. அது காய்ந்திருந்தால், எட்டடி உயரச் சுவர் 120 கி.மீ. காற்றில் தனியாகவே நிற்கும். 180 என்றால் சாய்கிற எல்லைக்கு வந்துவிடும். அதனால்தான் 10, 12 அடிக்கு ஒரு குறுக்குச் சுவரும், சுவர் உச்சியில் நான்கு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட்டும் வேண்டும் என்கிறோம்.

ஆகவே உங்கள் பணத்தைச் சுவரின் கனத்தில் கொட்டாதீர்கள். கூரையைக் கட்டிப்போடவும் அடித்தளத்தை உயர்த்தவும் செலவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கடல் நீர் ஊருக்குள் ஏறி வரும் இடமென்றால் பச்சை மண் சுவர் வேண்டவே வேண்டாம். அங்கே குறைந்தது ஜன்னல் மட்டம் வரையாவது சுட்ட செங்கல் அல்லது சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்தான் சரி. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் வரும். கடைக்கால் தோண்டும் முன்பே ஊராட்சியில் கேட்டுவிடுங்கள்.

மனை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. தையில் வேலையைத் தொடங்கலாமா?
— வாசகர், பேராவூரணி

ஒரு ஐப்பசி, கார்த்திகையையாவது அந்த மனையில் பார்த்தீர்களா? இல்லையென்றால் பொறுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எத்தனை நாளில் வடிகிறது என்பதை அடைமழையில் நேரில் பார்த்தால்தான் தெரியும். மனையின் நான்கு மூலையிலும் நடுவிலும் அடிக்கணக்கு குறித்த குச்சிகளை நட்டு, பெரிய மழை முடிந்த மறுநாள் தண்ணீர் நின்ற அளவைக் குறித்து வையுங்கள். பழைய வெள்ள மட்டத்தை அக்கம்பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரிலும் கோயில் மதிலிலும் படிந்த கறை சொல்லும். தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாயை வைத்து அந்தக் கறையை உங்கள் மனைக்குக் கொண்டுவந்து முளையடியுங்கள். வீட்டுத் தரை அதற்கு மேல் குறைந்தது 2 அடி இருக்க வேண்டும்.

அடுத்தது மரங்கள். வீட்டிலிருந்து தென்னை எவ்வளவு தூரம் என்று அளக்கும்போது அதன் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 60 அடித் தென்னை 40 அடியில் நின்றால், அது விழுவதற்கு உங்கள் கூரைதான் இடம். புயல் மேற்கே நகரும்போது அதன் கண் கடக்கும் ஊரில் முதலில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும், நடுவில் ஓயும், பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். ஆகவே ஒரு பக்கத்து மரத்தை மட்டும் வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கஜாவில் தென்னை தோப்பு தோப்பாகச் சாய்ந்தபோதும் பனை பெரும்பாலும் நின்றது. வேலியோரத்தில் இப்போதே பனங்கொட்டை போடுங்கள், அதன் உள்வரிசையில் பூவரசும் நொச்சியும் வையுங்கள். பனை உங்கள் பேரன் காலத்துக்கு ஆகும். நொச்சி மூன்றாம் வருடமே காற்றை வடிகட்டத் தொடங்கிவிடும். காற்றுத் தடுப்பு செங்கல் மதில் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பாதிக் காற்று உள்ளே புகுந்து போகவேண்டும்.

மனையில் மேலே கரும் களி, மூன்றடிக்குக் கீழே மணல் கலந்த மஞ்சள் மண். எது சுவருக்கு ஆகும்? சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டுமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

சிமென்ட் கலந்து அழுத்திய கல் அறுப்பதாக இருந்தால் ஒருமுறை அனுப்புவது நல்லது. மண்ணைக் குழைத்துப் படை படையாகக் கையால் ஏற்றும் குழைமண் சுவருக்கு வீட்டுச் சோதனைகளே போதும், ஆனால் அவற்றை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

வேரும் சருகும் உள்ள மேல்மண் ஒன்றரை அடியை ஒதுக்கிவிடுங்கள், அது தோட்டத்துக்கு. அதற்குக் கீழே ஒவ்வொரு அடி ஆழத்திலும் தனித்தனியாக மண் எடுத்துப் பைமேல் ஆழத்தை எழுதுங்கள்.

முதலில் பாட்டில் சோதனை. நேர்ச்சுவருள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், கழுத்து வரை தண்ணீரும், ஒரு சிட்டிகை உப்பும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். சரளையும் மணலும் ஓரிரு நிமிடத்திலேயே அடியில் உட்காரும், அதன்மேல் வண்டல், கடைசியில் வழவழப்பான களி. குழைமண் சுவருக்குக் களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. அழுத்திய கல்லுக்குப் பொருந்தும் கலவை சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். இதைச் சுற்றிக் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

பாட்டில் அளவைச் சொல்லுமே தவிர குணத்தைச் சொல்லாது. களி ஈரத்தில் எவ்வளவு ஊதி, காய்ந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்பதற்கு இரண்டடி நீளம், ஒன்றரை அங்குல அகலமும் ஆழமும் உள்ள மரச்சட்டப் பெட்டி செய்யுங்கள். உள்ளே எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை நிரப்பி, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். மண் பட்டை முக்கால் அங்குலத்துக்கு மேல் சுருங்கினால் களி மிகுதி. உங்கள் கரும் களி ஓர் அங்குலத்தைத் தாண்டினாலும் ஆச்சரியப்பட மாட்டோம். மஞ்சள் மண்ணைத் தனியாகவும், ஒரு பங்கு களிக்கு இரண்டு, மூன்று, நான்கு பங்கு மஞ்சள் மண் சேர்த்தும் நாலைந்து பட்டைகள் போட்டால் எந்தக் கலவை விரிசல் விடாமல் காய்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு வைக்கோலை ஆறு அங்குலத் துண்டாக வெட்டி, எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை பங்கு மிதித்துச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் பந்து பந்தாக நின்று அந்த இடத்தில் சுவர் பொத்தலாகும்.

டெல்டா முனையில் பலர் கோட்டைவிடுவது உப்பில். பங்குனி, சித்திரையில் தரையில் வெள்ளையாகப் பூக்கும் மனையா? ஒரு கைப்பிடி மண்ணை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். வெள்ளைப் படலம் தடித்துத் தெரிந்தால் அந்த மண்ணும் வேண்டாம், அந்த ஆழத்துக் கிணற்று நீரும் வேண்டாம். உப்பு சுவருக்குள் போனால் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, ஒவ்வொரு வெயிலுக்கும் படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். கடல் மணலும் இதே காரணத்துக்காகத்தான் கூடாது. அப்படிப்பட்ட மனையென்றால் பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் வாங்குவது செலவானாலும் மிச்சம்தான். எங்கிருந்து எடுத்தாலும், ஏரி குளமானாலும் சரி, வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, உரிய அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள்.

400 சதுர அடி வீட்டுக்கு எவ்வளவு மண், எத்தனை கல் ஆகும்?
— வாசகி, கோடியக்காடு

வெளி அளவு 25க்கு 16 அடி, நடுவில் ஒரு குறுக்குச் சுவர், எட்டடி உயரம், இரண்டு கதவு, ஐந்து ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடிக் குழைமண் சுவருக்குக் கதவு ஜன்னல் இடம் போக, சேதாரமும் சேர்த்து ஏறக்குறைய 1,000 கன அடி வரும். உதிரி மண் மிதித்தால் படிந்துவிடும் என்பதால் 13, 14 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) இறக்க வேண்டும்.

அழுத்திய மண் கல்லென்றால் 240க்கு 240க்கு 90 மி.மீ. கல் சுமார் 2,650, உடைசலும் சேர்த்து. ஒரு கல் 10 கிலோ அளவில் இருக்கும். எடையில் 5 சதவீத சிமென்ட் என்றால் 50 கிலோ மூட்டைக்கு நூறு கல். ஆக 27 மூட்டை. களி மிகுந்த மண்ணுக்குச் சிமென்டைவிடச் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும், ஆனால் பதமாக இரண்டு மூன்று மாதம் கொடுக்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்த கல்லை முதல் இரண்டு நாள் தார்ப்பாய் போட்டு மூடி, பிறகு 28 நாள் ஈரமாகவே வைத்து, அதன்பின் காயவிட்டுக் கட்டுங்கள். அவசரப்பட்டு ஒரு வாரத்தில் கட்டிய சுவர்தான் முதல் மழையில் மூலை உதிர்கிறது. பழி விழுவது என்னவோ மண்ணின் மேல்.

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தில் இந்தக் கல் அறுக்கவும் கட்டவும் குறுகிய காலப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரை அனுப்பிவைத்தால் அந்தச் செலவு வேலையில் திரும்பிவிடும்.

ஆசாரி, ‘கூரைக் கைமரத்தில் நாலங்குல ஆணி இரண்டு அடித்தால் எந்தக் காற்றுக்கும் அசையாது’ என்கிறார். சரிதானா? மழைக்குச் சுவர் நனையாமல் இருக்க இறவாரத்தை மூன்றடி நீட்டச் சொல்லியிருக்கிறேன்.
— வாசகர், வேதாரண்யம்

இரண்டும் தவறு. இரண்டாவது கொஞ்சம் நியாயமான தவறு.

ஆணி மேலிருந்து வரும் பாரத்துக்கு ஆனது. புயலில் பாரம் கீழிருந்து மேலே வருகிறது. காற்று கூரையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது கூரையை உறிஞ்சுகிறது. ஒரு கதவு திறந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தள்ளும். 180 கி.மீ. காற்றில் ஒரு சதுர அடிக்கு 14 கிலோ என்றால், மரமும் ஓடும் சேர்ந்த எடை நாலைந்து கிலோதான். மீதி 9, 10 கிலோ மேலே இழுக்கும். கைமரங்கள் இரண்டரை அடிக்கு ஒன்றாக, சுவர் பக்கம் பத்தடிக் கூரையைத் தாங்குகின்றன என்றால், ஒவ்வொரு கைமரத்தின் காலும் சுமார் 240 கிலோ விசையில் பிடுங்கப்படும். இறவாரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். இரண்டு ஆணி என்ன செய்யும்?

ஓட்டிலிருந்து அஸ்திவாரம் வரை பிடிப்பு எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். இறவாரம், முகடு, மூலை ஆகியவற்றை ஒட்டிய இரண்டு வரிசை ஓடுகளைக் கம்பியால் ஓடு தாங்கும் ரீப்பரோடு கட்டுங்கள், ஏனென்றால் உறிஞ்சல் ஓரங்களில்தான் அதிகம். முகட்டு ஓடு சுண்ணாம்புச் சாந்தில் உட்கார வேண்டும். ரீப்பரைக் கைமரத்தில் ஆணிக்குப் பதில் திருகாணியால் பிடியுங்கள். கைமரத்தின் மேல் 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையை வளைத்துப் போட்டு, இரு பக்கமும் சுவர்மேல் கிடக்கும் உத்திரத்தோடு 10 மி.மீ. போல்ட் போடுங்கள். உத்திரத்தைச் சுவரோடு கட்டுவதுதான் எல்லாரும் விட்டுவிடுகிற இடம்.

குழைமண் சுவரில் அதற்கு ஒரு வழி. சுவர் உச்சிக்கு மூன்றடி கீழே படை வைக்கும்போதே, நாலடிக்கு ஒன்றாக மூன்றடி நீளப் பனங்கட்டையைச் சுவர் நீளவாக்கில் படுக்கவைத்து, அதைச் சுற்றி 10 கேஜ் துத்தநாகம் பூசிய கம்பியை நான்கு இழையாக மேலே கொண்டுவாருங்கள். கம்பியை மண்ணில் நேராகப் புதைக்காமல் அரை அங்குல பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். அந்தக் கட்டைமேல் இருக்கும் மண்ணே ஏறத்தாழ 900 கிலோ, நாலடிக் கூரை இறவாரத்தையும் சேர்த்து இழுக்கும் 500 சொச்சம் கிலோவுக்கு அது போதும். சுவர் காயும்போது உயரத்திலும் கொஞ்சம் இறங்கும், கம்பி தொய்யும். ஆறு மாதம் கழித்துக் கம்பிகளுக்கு இடையே ஒரு கடப்பாரைத் துண்டைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். அதற்காகத்தான் குழாய்.

ஒன்பதரை அங்குல அழுத்திய கல் சுவரில் இந்தக் கணக்கு உதவாது, அங்கே எடை பாதிதான். மூலைகளிலும் சுவர் சேரும் இடங்களிலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் துளையுள்ள கல் வைத்து, 12 மி.மீ. கம்பியை அடித்தள பெல்ட்டிலிருந்து மேல் பெல்ட் வரை விட்டு, துளையைக் கான்கிரீட்டால் நிரப்புங்கள்.

இறவார விஷயத்துக்கு வருவோம். மண் சுவர் கேட்பது மூன்றடி. காற்று சம்மதிப்பது ஒன்றரை அடி. மூன்றடி நீட்டினால் காற்று அதன் அடியில் கைகொடுத்து முழுக்கூரையையும் தூக்கும். ஆகவே வீட்டுக் கூரையை ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டு, மழைச் சாரல் அடிக்கிற பக்கங்களில் தாழ்வாரத்தைத் தனிக் கூரையாக, தனிக் கால்களில், வீட்டுக் கைமரங்களோடு ஒட்டாமல் இறக்குங்கள். கடும் புயலில் தாழ்வாரம் போனாலும் வீடு நிற்கும். கூரை இரண்டு பக்கச் சரிவாக இல்லாமல் நான்கு பக்கமும் சரிந்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கச் சரிவில் எஞ்சி நிற்கும் முக்கோணச் சுவர் மேலே பிடிப்பில்லாமல் நிற்பது, முதலில் விழுவதும் அதுதான். சரிவு 22 முதல் 30 பாகைக்குள் இருக்கட்டும்.

மண் சுவருக்கு வெளியே சிமென்ட் பூசிவிட்டால் மழைக் கவலை தீர்ந்ததல்லவா?
— வாசகர், காரைக்கால்

தீராது, மறைந்துகொள்ளும். மண் சுவர் ஈரத்தை இழுத்து வெளியேவிடும். சிமென்ட் அப்படி விடாது, மண்ணோடு சேர்ந்து ஊதிச் சுருங்கவும் செய்யாது. மயிர்க்கோடு விரிசலில் புகுந்த நீர் உள்ளேயே தங்கி, சுவரைச் சேறாக்கி, ஒருநாள் பாளம் பாளமாகப் பூச்சு விழும்போதுதான் உள்ளே நடந்தது தெரியும். ஒரு பங்கு களிமண்ணுக்கு மூன்று பங்கு மணல், பொடி வைக்கோல் சேர்த்த பூச்சு. சாரல் பக்கத்தில் அதன்மேல் ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்புச் சாந்து. வருடா வருடம் புரட்டாசிக்குள் ஒரு வெள்ளை.

குழைமண் சுவருக்குள் இடையிடையே கம்பி போட்டால் பலம் கூடுமா? மூங்கில் போடலாமா?
— வாசகி, சீர்காழி

கம்பியைக் கான்கிரீட் துருப்பிடிக்காமல் காக்கும், மண் காக்காது. ஈர மண்ணில் துருவேறிய கம்பி பருத்துச் சுவரை உள்ளிருந்து பிளக்கும். கூரைப் பிடிப்புக்குக் குழாய்க்குள் விடும் கம்பியைத் தவிர, குழைமண் சுவரில் கம்பி போட வேண்டிய இடம் அடித்தள பெல்ட்டும் மேல் பெல்ட்டும்தான். ஆறு அங்குல உயரக் கான்கிரீட்டில் 10 மி.மீ. கம்பி நான்கு, மூலையில் வெட்டாமல் வளைத்து, அடுத்த கம்பியோடு ஒன்றரை அடி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டு. சுவர் மூலைகளில் படைக்கு ஒன்றாக மூங்கில் பிளாச்சு வைக்கலாம். முற்றிய மூங்கிலாக, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறிக் காய்ந்ததாக இருக்கட்டும். பச்சை மூங்கில் காய்ந்து சுருங்கி, மண்ணுக்கும் அதற்கும் நடுவே கரையானுக்கு வழி போட்டுத் தரும். கரையானை நிறுத்த மருந்தைவிட, வெடிப்பில்லாத அடித்தள பெல்ட்டும், சுவரடியில் செடி கொடி இல்லாத ஒன்றரை அடி வெற்றுத் தரையும் உதவும்.

எந்த மாதத்தில் எந்த வேலை? ஒரே வருடத்தில் குடிபோக முடியுமா?
— வாசகர், மணல்மேல்குடி

முடியும். தை பிறந்ததும் கடைக்கால். கரும் களியென்றால் குறைந்தது மூன்றடி தோண்டி, மணலை அரை அடிக்கு ஒரு தளமாகக் கொட்டித் தண்ணீர்விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ. வீட்டுத் தரை மட்டத்தில் ஒன்றுக்கு மூன்று சிமென்ட் சாந்தில் நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து ஓர் அங்குலப் பட்டை, ஈரம் சுவரில் ஏறாமல். மாசி, பங்குனியில் கல் அறுப்பு. குழைமண் என்றால் மாசியிலேயே படை வைக்கத் தொடங்கி, ஒரு படை ஒன்றேகால் அடிக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் நகம் பதியாத அளவு இறுகிய பிறகு அடுத்ததை ஏற்றுங்கள். கத்தரி வெயில் மேற்புறத்தை மட்டும் உலர்த்தி வெடிக்கவைக்கும், அந்த வாரங்களில் ஈரச் சாக்கு போர்த்துங்கள்.

ஆனிக்குள் உத்திரமும் கைமரமும் ஏறிவிட வேண்டும். ஆடிக் காற்றில் பாதி போட்ட கூரை ஆபத்து. ஓடு போடும் நாளில் பிடிப்புப் பட்டைகளும் போட்டு முடியுங்கள், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் இரவு இடிமழை வரும் என்பதால் பூச்சு வேலையைக் கூரைக்குக் கீழேதான் தொடங்க வேண்டும். ஐப்பசி பிறந்தும் கூரை ஏறாமல் இருந்தால் அந்த வருடம் விட்டுவிடுங்கள். சுவர் உச்சியைத் தென்னங்கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடி, மேலே கயிறு குறுக்கே வீசி, இரு பக்கமும் முளையில் கட்டிவிட்டுத் தைக்குக் காத்திருங்கள்.

வீட்டோடு ஒட்டிக் குளியலறையை மட்டும் சுட்ட செங்கல்லிலும் கான்கிரீட் தளத்திலும் கட்டுங்கள், ஆறுக்கு எட்டடி போதும். திடீரென்று காற்று எழும்பினால் ஒதுங்க இடம். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் அதிலும் இருக்க வேண்டாம். ஜன்னல்களுக்குத் தாழ்ப்பாளோடு குறுக்குச் சட்டமும் போட்டுவிட்டு, ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டு, பட்டாவையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு புயல் பாதுகாப்பு மையத்துக்குப் பகலிலேயே போய்விடுங்கள்.